காரைக்குடிப் பக்கம் வீடு: மனையோடு வாங்குவதா, மனை வாங்கிக் கட்டுவதா?

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், தேவகோட்டைப் பக்கம் "மனையோடு வீடு" என்று பலகை தொங்கினால், அது மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது, கட்டி முடித்துப் பூட்டி வைத்திருக்கும் வீடு. மனையும் கட்டடமும் ஒரே பத்திரத்தில் கிரயமாகும். இரண்டாவது, மனை முதலில் உங்கள் பெயருக்குக் கிரயமாகிவிடும். அதே புரமோட்டர் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம் போட்டு வீட்டைக் கட்டிக் கொடுப்பார். மூன்றாவதில் மனைக்காரர் ஒருவர், கட்டுபவர் இன்னொருவர், நடுவில் தரகர். இதற்கும் நீங்களே மனை வாங்கிக் கட்டுவதற்கும் வேறுபாடு கிடையாது. வீட்டில் குறை வந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். ஆகவே எந்த வகை என்பதை முதல் நாளே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

செட்டிநாட்டில் வீடு கட்ட ஆளுக்கும் கைத்திறனுக்கும் பஞ்சமில்லை. சிக்கல் நிலத்தின் உரிமையில்தான். ஒரே சொத்துக்குப் பங்காளிகள் பத்துப் பேர் இருப்பார்கள்; அதில் பாதிப்பேர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ. பூச்சு வெடித்தால் திரும்பப் பூசிக்கொள்ளலாம். பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் விடுபட்ட ஒரு மகளின் பங்கைச் சிமெண்டால் அடைக்க முடியாது. பளபளவென்று நிற்கும் வீட்டைப் பார்த்து மனைச் சோதனையைக் குறைத்துக்கொள்வதுதான் மனையோடு வீடு வாங்குவோர் செய்யும் பெரிய தவறு. இரண்டு வழிக்கும் சோதனை ஒன்றே.

உங்களுக்கு எது பொருந்தும்

வாரத்தில் நான்கு நாளாவது இடத்துக்குப் போய் நிற்க உங்களாலோ வீட்டிலுள்ள ஒருவராலோ முடியுமா? முடியுமென்றால் மனை வாங்கிக் கட்டுங்கள். கம்பி, கலவை, மரம் எல்லாம் உங்கள் கண் முன்னால் நடக்கும். வெளியூரில் வேலை, ஊரில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, ஒரு வருடத்துக்குள் குடிபோயாக வேண்டும் என்றால் கட்டி முடித்த வீடே நல்லது. முக்கால்வாசி கட்டிய வீட்டுக்கு முழுப்பணம் கொடுப்பது இந்த இரண்டிலும் சேராது. அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முதல் படி: காகிதம்

பட்டா, சிட்டா, அ-பதிவேடு, நில அளவை வரைபடம் நான்கையும் தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளத்தில் புல எண்ணைக் கொடுத்து நீங்களே எடுங்கள். விற்பவர் தரும் நகலை மட்டும் நம்ப வேண்டாம். காரைக்குடி நகருக்குள் புல எண்ணுக்குப் பதில் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று வரும். பட்டாவில் பரப்பு ஏரில் இருக்கும், பேச்சு சென்ட்டில் நடக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 40-க்கு 60 மனை 2,400 சதுர அடி, அது 5.5 சென்ட், பட்டாவில் 2.23 ஏர். இந்த மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் நில அளவரை வைத்து அளக்காமல் மேலே போகாதீர்கள்.

அ-பதிவேட்டில் நிலத்தின் வகையைப் பாருங்கள். நத்தம், புஞ்சை, நஞ்சை, புறம்போக்கு என்று இருக்கும். இந்தப் பக்கம் கண்மாயும் ஊருணியும் அதிகம். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் கோடையில் வெறும் பள்ளமாகத்தான் தெரியும். அதை நிரவி மனை போட்டிருந்தால் வரைபடத்தில் மாட்டிக்கொள்ளும். கோயில் நிலம், இனாம் நிலம், பட்டியலினத்தாருக்கு ஒப்படைத்த நிபந்தனைப் பட்டா நிலம் என்றால் வாங்காதீர்கள். அடிமாட்டு விலைக்கு வந்தாலும் வேண்டாம்.

வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல், பதிவுத்துறைத் தளத்தில் கிடைக்கும். குறைந்தது 30 வருடத்துக்குப் போடுங்கள். 1975-க்கு முந்தியது வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். பூர்வீகச் சொத்தாக இருந்தால் அதையும் எடுத்துவிடுவது நல்லது. ஒன்றை மறக்கக் கூடாது: வில்லங்கத்தில் பதிவான ஆவணம் மட்டும்தான் வரும். பதியாத பாகப்பிரிவினை, வாய்மொழிப் பாகம், நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு ஆகியவை அதில் தெரியாமல் போகலாம்.

பங்காளிச் சொத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். தாய்ப்பத்திரத்தில் (சொத்தின் பழைய மூலப்பத்திரத்தில்) இருக்கும் மூதாதையரிலிருந்து இன்றைய விற்பவர் வரை ஒரு வம்சாவளிப் படம் வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கிளையிலும் மகன், மகள், சுவீகாரம் (தத்து) வந்தவர், காலமானவரின் வாரிசு என்று பெயர் எழுதி, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அவர் பங்கு எந்த ஆவணத்தால் கைமாறியது என்று குறியுங்கள். நகரத்தார் குடும்பங்களில் சுவீகாரம் சாதாரணம். அதனால் பெற்ற வீட்டில் பெயர் நீங்கி, போன வீட்டில் பெயர் சேர்ந்திருக்கும். மகள்களுக்குத் தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் (அதற்கு முன் திருமணமானவர் நீங்கலாக), நாடு முழுக்க 2005 செப்டம்பர் 9 முதல் பூர்வீகச் சொத்தில் சம பங்கு வந்தது. 2005-க்கு முன்பே தந்தை காலமாகியிருந்தாலும் மகளுக்குப் பிறப்புரிமை உண்டென்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அது அசையாது. பெண்மக்கள் கையெழுத்து இல்லையே என்று கேட்டால், "கல்யாணத்தில் எல்லாம் செய்தாயிற்று, அவர்கள் கேட்க மாட்டார்கள்" என்பார்கள். இந்த வாக்கு சட்டத்தின் முன் நிற்காது. பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாவது, கிரயத்தில் கையெழுத்தாவது இருக்க வேண்டும்.

விற்பவருக்காக வேறொருவர் கையெழுத்திட, வெளிநாட்டிலிருந்து வந்த பவர் (அதிகாரப் பத்திரம்) என்றால் மூன்று கேள்வி. இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துச் சான்று பெற்றதா? இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியதா? பவர் கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா? அவர் இறந்த அன்றே பவரும் முடிந்துவிடும். ஆகவே சமீபத்திய ஆயுள் சான்று கேளுங்கள். வயது வராத பிள்ளையின் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி கேளுங்கள்.

பழைய வீட்டிலிருந்து பிரித்த மனை

செட்டிநாட்டுக்கே உரிய விஷயம் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக ஓடும். ஒரே வளவை (உள்முற்றத்தை)ச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும், ஓர் அறை இருக்கும். அதில் பின்கட்டை மட்டும் இடித்து மனையாக்கி விற்பது இப்போது அதிகம். இருப்பிடம் அருமையாக இருக்கும். கோயிலும் கடைத்தெருவும் நடை தூரம். ஆனால் பத்திரத்தின் சொத்து விவரத்தில் நான்கு எல்லையும் அடிக்கணக்கில் இருக்கிறதா, வெறும் "பொதுவில் ஆறில் ஒரு பங்கு" என்றிருக்கிறதா என்று பாருங்கள். பின்னது என்றால் நீங்கள் வாங்குவது மனை அல்ல, பாகப்பிரிவினை வழக்கு. கிணறு, நடை, சாக்கடை ஆகியவற்றில் யாருக்குப் பாத்தியம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

பக்கத்துப் பங்கின் சுவர் உங்கள் மனையின் எல்லையாக இருந்தால், அது சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய பழைய தடிமன் சுவராக இருக்கும். மேலே எவ்வளவு கனம் இருந்தாலும் அடியில் இன்றைய அஸ்திவார ஆழம் இருக்காது. அதையொட்டி ஒரே மூச்சில் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டினால், ஒரு மழையில் அந்தச் சுவர் உங்கள் குழிக்குள் வந்துவிடும். நான்கடி, ஐந்தடியாகத் துண்டு துண்டாகத் தோண்டி, கல் கட்டி மூடிவிட்டு அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். புரமோட்டர் கட்டினாலும் இதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

இரண்டாம் படி: அங்கீகாரம்

மனைப்பிரிவுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் வேண்டும். அங்கீகார எண்ணைக் கேட்டு, அதே எண்ணுள்ள வரைபடத்தில் உங்கள் மனை எண், சாலை அகலம், பூங்கா இடம் எல்லாவற்றையும் நேரில் ஒப்பிடுங்கள். வரைபடத்தில் பூங்கா என்றிருக்கும் இடத்தில் மனைக்கல் நட்டு விற்பதும் நடக்கிறது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரித்த அங்கீகாரமில்லா மனைகளுக்கு 2017-ல் அவற்றை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. வரன்முறை ஆணை கையில் இருந்தால் வாங்கலாம். "பதிவு ஆகிவிடும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் வேண்டாம். கட்டட அனுமதியும் வங்கிக் கடனும் கிடைக்காது.

500 சதுர மீட்டர் (சுமார் 12.35 சென்ட்), 8 வீடு என்ற வரம்புகளைத் தாண்டும் திட்டம் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவாகியிருக்க வேண்டும். பதிவான திட்டத்தில் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. கட்டுமானக் குறைக்கு 5 வருடம் அவர்களே பொறுப்பு. நாலைந்து வீடு மட்டும் கட்டி விற்பவர் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வருவதில்லை. அங்கே நீங்கள் எழுதும் ஒப்பந்தம் ஒன்றுதான் பிடி.

நீங்களே கட்டினால் அனுமதி முன்போல் கடினமில்லை. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளம் அல்லது அதற்கு மேல் ஒரு மாடி என்றால் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. சான்று உங்களுடையது, பொய்யாகிவிட்டால் பொறுப்பும் உங்களுடையது. ஆகவே சுற்றுக்காலி இடத்தைப் பொறியாளரை வைத்துக் கணக்கிட்ட பிறகே பொத்தானை அழுத்துங்கள்.

மூன்றாம் படி: மண்

கட்டி முடித்த வீட்டில் தெரியாது, காலி மனையில் தெரியும். எதிரெதிர் மூலைகளில் மூன்றடிச் சதுரத்தில் ஆறடி ஆழக் குழி இரண்டு தோண்டச் சொல்லுங்கள். அரை நாள் வேலை. மேலே ஓரடி மண் போனதும் சரளை கலந்த செம்மண், பிறகு கடப்பாரை "ணங்" என்று திரும்பும் செம்பாறை என்றால் நல்ல மனை. செலவு தோண்டுவதில் மட்டும் கொஞ்சம் கூடும். மூன்றடி, நாலடி வரை மண் பொலபொலவென்று வந்து, அதில் செங்கல் துண்டும் பாலிதீன் பையும் கண்மாய் வண்டலும் கலந்திருந்தால் அது பள்ளத்தை நிரப்பிய மண். அதன் மேல் கடைக்கால் (அஸ்திவாரம்) போட்ட வீட்டில் இரண்டு ஐப்பசி கழித்து, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். கடைக்கால் நிரப்பு மண்ணைத் தாண்டிப் பழைய தரைக்குள் இறங்க வேண்டும். இதனால் கூடும் கன அடிக் கணக்கை வைத்து மனையின் விலையைப் பேசுங்கள்.

கட்டிய வீட்டை வாங்கினால் குழி தோண்ட முடியாது. பக்கத்துக் காலி மனையைப் பாருங்கள். அது சாலை மட்டத்திலிருந்து எத்தனை அடி கீழே இருக்கிறதோ, உங்கள் வீட்டின் அடியில் அத்தனை அடி நிரப்பு மண் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் ஒரு முறை போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

நான்காம் படி: பத்திரச் செலவும் வரியும்

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. விலை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல். கட்டுமான ஒப்பந்தத்துக்கு 2023 ஜூலையிலிருந்து முத்திரைத்தாள் 1, பதிவு 3, ஆக 4 சதவீதம்.

கணக்குக்காக மனை 20 லட்சம், கட்டடம் 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கட்டி முடித்த வீடாக ஒரே பத்திரத்தில் வாங்கினால் 50 லட்சத்துக்கு 9 சதவீதம், 4.5 லட்சம். மனைக்குக் கிரயம், வீட்டுக்குக் கட்டுமான ஒப்பந்தம் என்றால் 1.8 லட்சமும் 1.2 லட்சமும், ஆக 3 லட்சம். மனை மட்டும் வாங்கி நீங்களே கூலிக்கு ஆள் வைத்துக் கட்டினால் பத்திரச் செலவு 1.8 லட்சத்தோடு முடிந்தது.

இதைப் பார்த்து உடனே முடிவு கட்டிவிடக் கூடாது, ஜிஎஸ்டி பாக்கி இருக்கிறது. கட்டி முடித்ததற்கான முடிவுச் சான்று பெற்ற வீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைப் புரமோட்டரிடம் வாங்கினால் 5 சதவீதம். 45 லட்சத்துக்குள், கார்ப்பெட் பரப்பு (வீட்டுக்குள் புழங்கும் பரப்பு) 90 சதுர மீட்டருக்குள் என்றால் 1 சதவீதம். மனையைத் தனியே எழுதிக் கொடுத்துவிட்டுப் பொருளோடு கட்டித் தரும் ஒப்பந்தம் என்றால் கட்டுமானத் தொகைக்கு 18 சதவீதம் கேட்க இடமுண்டு. மேலே சொன்ன 30 லட்சத்துக்கு அது 5.4 லட்சம். பத்திரத்தில் மிச்சமானது இங்கே போய்விடும். "ஜிஎஸ்டி உட்பட" என்ற இரண்டு சொல்லை விலைக்கு அடுத்த வரியிலேயே எழுதி வாங்குங்கள். உங்களுக்கென்று ஒரே வீடு கட்ட வெறும் கூலி ஒப்பந்தம் போட்டால் கூலிக்கு ஜிஎஸ்டி இல்லை. சிமெண்ட், கம்பிக்கு மட்டும் கடை விலையில் அடங்கியிருக்கும்.

சொத்தின் விலை 50 லட்சத்தைத் தொட்டால், இந்தியாவில் வசிக்கும் விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீதம் பிடித்து நீங்களே வருமான வரியில் கட்ட வேண்டும். பலர் இதை மறந்து பிறகு அபராதம் கட்டுகிறார்கள். பெண்கள் பெயரில் 10 லட்சத்துக்குள் வாங்கினால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. விகிதங்கள் மாறும், பதியும் வாரத்தில் பத்திர எழுத்தரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடன் என்றால் ஒரு குறிப்பு. சொத்து மதிப்பில் 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90 சதவீதம் வரையும், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம் வரையும் வங்கி கொடுக்கலாம். பத்திரச் செலவு பொதுவாக அதில் சேராது. கட்டுமானக் கடன் கட்டம் கட்டமாகத்தான் வரும். ஒவ்வொரு கட்டத்தையும் முதலில் உங்கள் கைக்காசில் முடித்துக் காட்ட வேண்டியிருப்பதால், இரண்டு கட்டத்துக்கான பணம் கையிருப்பில் இல்லாமல் வானம் தோண்டாதீர்கள்.

ஐந்தாம் படி: ஒப்பந்தம்

முன்பணம் கொடுக்கும்போது கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் அது கட்டாயம். வெள்ளைத்தாளில் எழுதிய அட்வான்ஸ் சீட்டு உங்களைக் காப்பாற்றாது.

மனையோடு வீடு என்றால் கட்டுமான ஒப்பந்தத்தோடு பொருள் பட்டியல் ஒன்று இணைக்கப்பட வேண்டும். "தரமான சிமெண்ட், நல்ல கம்பி" என்ற சொல்லுக்குப் பொருள் கிடையாது. சிமெண்டின் பிராண்டும் வகையும், கம்பியின் தரம், தளத்தின் கனம், செங்கலின் அளவு, சுவர்க் கலவை, கதவு நிலைக்கு எந்த மரம், ஓடும் டைல்ஸும் சதுர அடி என்ன விலைக்குள், எத்தனை மின்புள்ளி, தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர் என்று ஒவ்வொன்றும் எழுத்தில். பட்டியலில் இல்லாதது எல்லாம் "எக்ஸ்ட்ரா" என்று பின்னால் வரும். காம்பவுண்டுச் சுவர், போர்வெல், மின்வாரிய இணைப்பு வைப்புத்தொகை, கழிவுநீர்த் தொட்டி, மழைநீர் சேகரிப்பு ஐந்தும்தான் பெரும்பாலும் விடுபடும். காரைக்குடி நகரில் சம்பை ஊற்றுத் தண்ணீர் குழாயில் வருகிறது. வெளியே புது மனைப்பிரிவில் போர் போட்டுத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்காமல் விலை பேசக் கூடாது.

பொருளோடு கட்டும் ஒப்பந்தத்தில் பணத்தை இப்படிப் பிரிக்கலாம்: ஒப்பந்தத்தன்று 5 சதவீதம், பேஸ்மட்டம் (தரை மட்டம் வரை) முடிந்ததும் 15, லிண்டல் (கதவு, ஜன்னல் மேல்விட்ட) மட்டத்தில் 10, கூரைத் தளம் போட்டதும் 25, பூச்சு முடிந்ததும் 15, தரையும் கதவும் முடிந்ததும் 15, பெயிண்ட்டும் மின்வேலையும் முடிந்ததும் 10, கடைசி 5 ஒரு மழைக்காலம் கழித்து. வேலையை விடப் பணம் முன்னால் ஓடிவிட்டால் மேஸ்திரி அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். கோபப்பட்டுப் பயனில்லை.

ஆறாம் படி: நீங்களே கட்டும்போது

தை பிறந்ததும் வானம் தோண்டினால் ஆவணிக்குள் தளம் முடியும், ஐப்பசி மழைக்கு முன் பூச்சு முடியும். ஆனியில் தொடங்கினால் கம்பி கட்டும் நேரம் மழை பிடிக்கும்.

1,000 சதுர அடித் தரைத்தள வீட்டுக்குச் சிமெண்ட் சுமார் 400 மூட்டை, கம்பி மூன்றரை முதல் நான்கு டன். 9 அங்குலச் சுவரின் முகத்தில் ஒரு சதுர அடிக்கு 9 × 4½ × 3 அளவுச் செங்கல் 10 முதல் 11 ஆகும். கடையிலிருந்து பொருள் இறங்கிய கணக்கையும் சுவரில் ஏறிய கணக்கையும் வாரம் ஒரு முறை ஒப்பிட்டால் போதும், யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. அஸ்திவாரக் குழியிலும் தரை நிரப்பிலும் கரையான் மருந்து அடிக்காமல் விடாதீர்கள். மரத்தைப் பார்த்துப் பார்த்து வாங்கி அதைக் கரையானுக்குக் கொடுப்பது மனசு தாங்காத இழப்பு.

தளம் போடும் நாள் முழுவதும் கூடவே இருங்கள். காலையில் கலவை ஓடும் முன் சென்ட்ரிங் பலகை (தளத்தைத் தாங்கும் தற்காலிகப் பலகை) மேல் ஏறிப் பாருங்கள். கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் 20 மில்லிமீட்டர் கவர் கட்டை அடியில் இருக்கிறதா? சில்லுக்கல்லை முட்டுக் கொடுத்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். ஆள் மிதித்ததும் அது விலகிக் கம்பி பலகையில் படுத்துவிடும், சில வருடத்தில் துருவேறிக் கூரை உதிரும். 1:1½:3 கலவையில் 5 அங்குலத் தளம் 1,000 சதுர அடிக்கு, பீம் நீங்கலாக, 95 மூட்டைக்குப் பக்கத்தில் சிமெண்ட் பிடிக்கும். மாலையில் காலிச் சாக்கை எண்ணுங்கள். தண்ணீர் மூட்டைக்கு 27 லிட்டர் அளவுதான், மணலின் ஈரத்தையும் சேர்த்து. வெயில் ஏற ஏற "இளக்கமா இருந்தாத்தான் ஓடும்" என்று வாளி வாளியாக ஊற்றுவார்கள். அங்கே மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மறுநாள் காலையே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள்; பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள். பீமுக்கு அடியிலுள்ள முட்டு 14 நாளைக்கு முன் அசையக் கூடாது. 20 அடிக்கு மேல் நீளம் என்றால் 21 நாள்.

தனியாகக் கட்டுவதில் ஒரு பெரிய வரவு உண்டு, அதைப் பணத்தில் கணக்கிட முடியாது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய வீடுகளிலிருந்து கழற்றிய தேக்கு நிலை, கதவு, தூண், ஜன்னல் கிடைக்கிறது. அதை வைத்து வீட்டை வரையலாம். சுவர் எழும்பும் முன்பே நிலையை வாங்கி அளந்துவிடுங்கள். பழைய நிலைகள் கனமானவை, உயரம் குறைந்தவை, இன்றைய 9 அங்குலச் சுவருக்கு அகலம் ஒத்துவராமல் போகலாம். அடிப்பாகத்தை உளியால் தட்டிப் பாருங்கள். ஓட்டைச் சத்தம் கேட்டால் உள்ளே கரையான் தின்றிருக்கும்.

ஆத்தங்குடி ஓடு போடுவதாக இருந்தால் வரிசை முக்கியம். அது சுடாத ஓடு. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றி, மணலும் சிமெண்டும் நிரப்பி, தண்ணீரில் பதப்படுத்தியது. கறை உடனே ஏறும். குழாய், மின்வேலை, பூச்சு, ஒரு கோட்டு பெயிண்ட் எல்லாம் முடிந்த பிறகே தரைக்குப் போங்கள். 8 அங்குல ஓடு 100 சதுர அடிக்கு 225, 10 அங்குலம் என்றால் 144. உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்தாறு கூட்டிக்கொள்ளுங்கள். கைவேலை என்பதால் தடவைக்குத் தடவை நிறம் கொஞ்சம் மாறும். முழு வீட்டுக்கும் ஒரே தடவையாகச் சொல்லிவிடுங்கள். சிமெண்ட் கறை போக ஆசிட் ஊற்றித் தேய்த்தால் பூவேலையே போய்விடும். ஈரத் துணியும் நாள்பட்ட துடைப்பும்தான் அதற்கு மெருகு. மனையோடு வீடு விற்பவர்கள் இந்த ஓட்டைத் தரமுடியாது என்பதில்லை, பட்டியலில் எழுதினால் போடுவார்கள். அவசரத்தில் பூச்சுக்கு முன் ஒட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏழாம் படி: வீட்டைக் கையில் வாங்கும்போது

எந்த வழியில் வந்தாலும் கடைசித் தொகைக்கு முன் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். குளியலறை வடிகாலை அடைத்து நாலு விரற்கடை தண்ணீர் நிறுத்தி இரண்டு நாள் விடுங்கள். கீழேயும் பக்கச் சுவரிலும் ஈரம் வருகிறதா பாருங்கள். மொட்டைமாடியில் ஒரு குடம் தண்ணீர் கொட்டினால் அது தானாக வடிகாலைத் தேடிப் போக வேண்டும். டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளென்று ஒலிக்கும் இடத்தில் அடியில் கலவை இல்லை. எல்லா மின்புள்ளியிலும் எர்த் வருகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். கம்பி படம், குழாய் படம், மின்வயர் ஓடும் வழி ஆகியவற்றின் புகைப்படங்களைக் கேட்டு வாங்குங்கள். நாளை ஆணி அடிக்கும்போது அவை தேவைப்படும்.

அன்றைக்கே மூலப்பத்திரங்கள், அனுமதி வரைபடம், முடிவுச் சான்று தேவைப்படும் கட்டடமென்றால் அது, கடைசிச் சொத்துவரி ரசீது, மின் அட்டை எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, இருவரும் கையெழுத்திட்டு வாங்குங்கள். பத்திரம் பதிவானதும் வேலை முடிந்ததென்று இருந்துவிடுகிறார்கள். புல எண் முழுவதையும் வாங்கியிருந்தால் பட்டா மாறுதல் சீக்கிரம் நடக்கும். பாகம் மட்டும் வாங்கியிருந்தால் உட்பிரிவுக்கு அளவர் வந்து கல் நட வேண்டும். அவர் வரும் நாளில் பக்கத்து மனைக்காரரையும் கூப்பிட்டு வைத்து, நட்ட கல்லைப் புகைப்படம் எடுத்து, புதுப் பட்டாவில் ஏர்க்கணக்கைப் பத்திரத்தோடு சரிபார்த்துவிட்டு, சொத்துவரியையும் மின் இணைப்பையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.